ஊதாப் பவளத்தின் அடியில்

ஜூன் 3

வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றாலும் எழுதமாட்டீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்தது நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடல்மீன் தொட்டியில் தட்டைப்புழு பெருகிவிட்டது. நீங்கள் கிளம்பியபோது கண்ணாடி மூலையில் நான்கைந்துதான் இருந்தன. இப்போது மணல், கல், பவளம் என்று எல்லாவற்றிலும் துருப்பிடித்த மாதிரி அப்பிக்கிடக்கின்றன. அரிசி அளவுகூட இல்லை, ஆனால் விளக்கைப் போட்டதும் கூட்டமாக மேலேறி வருகின்றன. அண்ணன் கொடுத்த பச்சைப் பவளம் இரண்டு நாளாக விரியவே இல்லை. உங்கள் செல்ல மீன் மினுக்கி மட்டும் எதுவும் நடக்காததுபோல நீலமும் ஆரஞ்சுமாக மணலில் மேய்கிறது. அதைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வருகிறது. பாராட்டாகச் சொல்லவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கிளினிக் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டார்ச்சோடு தொட்டிமுன் நிற்கிறேன். மூன்று மாத வேலை என்று சொல்லிப் போனீர்கள், நான்காவது மாதம் ஓடுகிறது. புழுவுக்கு என்ன செய்வது என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
மீன்களுக்குத் தீனி போடுபவள்


ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு நான்கு லிஃப்ட் பொருத்த வேண்டும். மூன்றாவது லிஃப்ட் தரைக்கு நேராக நிற்க மாட்டேன் என்று இரண்டு விரல் மேலேயே அடம்பிடிக்கிறது. அதை விட்டுவிட்டு வர முடியவில்லை.

மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவசரப்பட்டு ஊற்றிவிடாதே. புழு செத்தால் அதன் உடம்பிலிருந்து விஷம் இறங்கும். இவ்வளவும் ஒரே நேரத்தில் செத்தால் ஒரு மீன் மிஞ்சாது. முதலில் மெல்லிய குழாயால் தினமும் உறிஞ்சி எடுக்க வேண்டும். நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து. ஊற்றிய அரை மணியில் விஷத்தை உறிஞ்சும் கரிப்பையை வடிகட்டியில் போட்டு, உப்புத் தண்ணீரை மாற்ற வேண்டும். அரை மணி என்றால் அரை மணி.

21ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அதுவரை மருந்தைத் தொடாதே.

பழசைக் கிளறக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். ஆனாலும் உன் அண்ணன் அன்று புழுவோடு அந்தப் பச்சைப் பவளத்தைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் உனக்கு இந்தப் பாடு இல்லை.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்


ஜூன் 24

வீட்டுக்காரருக்கு,

சனிக்கிழமை இரண்டு பேருக்குச் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சாப்பிட்டேன்.

புழு எடுக்கும் வேலை எனக்கு நன்றாக வருகிறது. டாக்டர் பல்லைக் குடையும்போது வாயில் தேங்குவதை உறிஞ்சுவதுதானே பதினொரு வருடமாக என் பிழைப்பு. பழைய குழாய்முனை ஒன்றைக் கேட்டேன். எதற்கு என்றார், மீனுக்கு என்றேன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணம் எடுக்கிறேன். கண்ணை மூடினாலும் புழுதான் தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்தேன். அண்ணன் கொடுத்ததன் அடியில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. பம்புக்குப் பின்னால் நீங்கள் வைத்த ஊதாப் பவளத்தின் அடியில் கல்லே தெரியவில்லை, அவ்வளவு புழு.

அலமாரிக் கதவில் நீங்கள் ஒட்டிய தாளைப் போய்ப் பார்த்தேன். எந்தப் பவளம் வந்தாலும் ஒட்டிவரும் புழு உதிரப் பழுப்பு மருந்துத் தண்ணீரில் பத்து நிமிடம் குளிக்க வேண்டும், குளித்ததும் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும் என்பது உங்கள் சட்டம். அண்ணனுடைய பவளத்துக்கு நான் போட்ட டிக் இருக்கிறது. அதற்கு ஒன்பது நாள் முந்தி வந்த உங்கள் ஊதாவுக்கு நேரே ஒன்றுமில்லை.

முதல் புழுவைப் பார்த்த அன்றைக்கு அண்ணன் முகத்துக்கு நேராக நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கண்ட குப்பையையும் கொண்டுவந்து என் தொட்டியில கொட்டாதீங்க." அண்ணன் பாதி டீயோடு எழுந்து போனார். இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை. அவருக்காகப் பேசினேன் என்று நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள்.

ஒரே கேள்விதான். அந்தத் தாளில் டிக் இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?

இப்படிக்கு,
டிக் போட்டவள்


ஜூன் 30

அன்புள்ளவளுக்கு,

அன்றைக்கே தெரியும்.

உன் அண்ணன் படியிறங்கிப் போன பிறகு கதவில் தாளைப் பார்த்தேன். கடையிலிருந்து ஊதாவைக் கொண்டுவந்த அன்று வேலையிலிருந்து கூப்பிட்டார்கள், யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று. சாயந்திரம் குளிப்பாட்டலாம் என்று அப்படியே உள்ளே வைத்துவிட்டு ஓடினேன். பிறகு மறந்தே போனேன்.

ஓடிப்போய்த் தெருவில் அவரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நீ வேறு கோபமாக இருந்தாய், உன்னிடம் தோற்க மனசு வரவில்லை. ஒரு நாள் தள்ளினேன், அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. மூன்றாம் லிஃப்ட் 20ஆம் தேதியே சரியாகிவிட்டது. சொன்னபடி அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையம் வரை வந்தேன், உன் முகத்தை நினைத்துத் திரும்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன். இரண்டு முறை கிழித்தாயிற்று.

இப்படிக்கு,
குற்றவாளி


ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணனுக்கு உங்கள் கடிதம் கிடைத்தது. தான் ஓட்டும் கூரியர் வேனை நடுத்தெருவில் நிறுத்தி, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்கப் படித்தாராம். 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கெட்டோடு வந்து நின்றார். உங்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டீ கொடுத்தேன், முழுசாகக் குடித்தார்.

புழு முக்கால்வாசி குறைந்திருந்ததால் அன்றைக்கே மருந்தை ஊற்றினோம். பத்தே நிமிடத்தில் மிச்சப் புழுக்கள் சுருண்டு தண்ணீரில் சுற்ற ஆரம்பித்தன. அண்ணன் வடிகட்டி வலையால் அள்ளிக்கொண்டே இருந்தார். கரிப்பையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நின்றேன்.

அப்போது போன் அடித்தது. நீங்கள்தான் என்று அடுத்த அறைக்கு ஓடினேன். கிளினிக். மறுநாள் யார் எந்த நேரம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் இல்லை என்ற எரிச்சலில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. திரும்பி வந்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கரிப்பை என் கையிலேயே இருந்தது, அரை மணிக் கணக்கை அண்ணனிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

மினுக்கி போய்விட்டது. மற்றவை பிழைத்துக்கொண்டன.

மருந்தின் மேல் பழி போட்டிருக்கலாம். வயதாகிவிட்டது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்கள். அண்ணன்கூட அப்படியே எழுதிவிடச் சொன்னார். என் கவனக்குறைவால் செத்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது, நான்கு தாள் வீணானது. உங்களுக்கு நான்கு மாதம் ஆனது எப்படி என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. கோபம் தீரவில்லை. ஆனால் அது எனக்குக் கட்டுப்படும் அளவுக்கு வந்துவிட்டது.

மினுக்கியை அதன் மணல் மூலையிலிருந்து எடுக்கும்போது அழுதேன். உங்களுக்காகவும் சேர்த்துத்தான்.

பச்சைப் பவளம் நேற்று விரிந்தது. ஊதாவைப் பழுப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, திரும்ப உள்ளே வைத்தேன். உங்கள் சட்டப்படி குளிப்பாட்டியவர்தான் டிக் போட வேண்டும். ஆனால் நான் போடவில்லை. அந்த இடம் உங்களுக்காகக் காலியாகவே இருக்கிறது, பேனாவைக் கதவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டு பேருக்குச் சமைப்பேன். கடையிலிருந்து எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி