ஹால்டனைக் கொடுத்த வெள்ளிக்கிழமை

இல்ஃபோர்ட்,
20 யூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். கனடாவில் டயனா அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்று முடிக்கிறீர்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

விஷயம் ஹால்டன். நிஜ ஆட்டக்காரரின் எண்களை வைத்து நாம் இருவரும் இணையத்தில் நடத்தும் பேஸ்பால் அணியில் ஆறு வருடமாக வைத்திருக்கும் பிச்சர், பந்தெறிபவன். வயது முப்பத்தாறு. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டரை ஓட்டம்தான் கொடுக்கிறான் என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். அவன் எறியும் வேகம் மூன்று மைல் குறைந்துவிட்டது. முன்னைப்போல ஆட்களைப் பந்தைத் தொடவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்ய ஏலவில்லை. எல்லாரும் அடிக்கிறார்கள், அடித்த பந்து நேரே பீல்டரின் கைக்குப் போகிறது. அது திறமை இல்லை, அதிர்ஷ்டம். கனகாலம் நிற்காது.

அதே இணையப் போட்டியில் இன்னொரு அணி வைத்திருக்கும் ஸ்ட்ரெதம் தவராசா அண்ணை அவனுக்குப் பதிலாக இரண்டு பொடியன்களைத் தருகிறார். பத்தொன்பது வயது ஒருவன், இருபது ஒருவன். பெரிய லீக்கில் இன்னும் ஒரு பந்துகூட எறியவில்லை, உண்மைதான். ஆனால் மூன்று வருடத்தில் அவர்கள் எங்கே நிற்பார்கள், ஹால்டன் எங்கே நிற்பான்? கிழவனுக்கு விலை இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஓம் என்று எழுதுங்கோ.

அன்புடன்,
ஆரணன்


ஸ்காபரோ,
23 யூலை 2025

அன்புத் தம்பி,

அம்மாவைப் படி ஏற விடாதே. சொன்னால் கேட்கமாட்டா, கூட நின்று பார்.

உன் எண்களை எல்லாம் பார்த்தேன். வேகம் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தபிறகு அவன் வேறு விதமாக எறியப் பழகியிருக்கிறான். எங்கே அடித்தால் தனக்குச் சேதமில்லையோ அங்கேதான் அடிக்க விடுகிறான். மூன்று மாதமும் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் மட்டுமா வரும்? வரும் என்று சொல்லுவாய். சொல்லு.

சனிக்கிழமை அவன் எறிகிறான். எனக்கும் அன்றைக்கு ஷிப்ட் இல்லை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பொறு. இரண்டு பேரும் ஓம் என்றால்தான் ஆளை மாற்றுவது என்று தொடங்கும்போது பேசியிருக்கிறோம்.

அண்ணை,
ஸ்ரீதரன்


இல்ஃபோர்ட்,
25 யூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஹால்டனைக் கொடுத்துவிட்டேன்.

தவராசா அண்ணை பின்னேரம் போன் எடுத்தார். "தம்பி, ஆறு மணிக்குள்ளை சொல்லும். இல்லாட்டி நான் ஹரோ அணிக்காரரிட்டைப் போறன்." நான் எலிசபெத் லைன் ரயிலில் நெரிபட்டுக்கொண்டு நின்றேன். உங்களுக்கு இரண்டு தரம் எடுத்தேன், நீங்கள் வேலையில். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரேயொரு ஆட்டத்தைப் பார்த்து யாரும் எதையும் அறிய ஏலாது, அண்ணை. கண் ஏமாற்றும். இது சரியான முடிவு, வருட முடிவில் நீங்களே சொல்வீர்கள். கேட்டிருந்தாலும் கடைசியில் ஓம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் எப்போதும் அப்படித்தானே.

ஆரணன்


ஸ்காபரோ,
3 ஓகஸ்ட் 2025

தம்பி,

ஹால்டன் நேற்று நாலு இன்னிங்ஸில் ஆறு ஓட்டம் கொடுத்தான். பார்த்திருப்பாய். உன் கணக்குச் சரி. அதற்காக எழுதவில்லை.

ஜேர்மனியில் டோர்ட்முண்டை விட்டு வரும்போது உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினேழு. சின்னவன் இங்கிலிஷில் படித்தால்தான் முன்னுக்கு வருவான் என்று அப்பா லண்டனுக்கு வெளிக்கிட்டார். நான் அப்போது நில அளவைப் பயிற்சியில் இரண்டாம் வருடம். இன்னும் ஒரு வருடம் இருந்தால் கையில் தொழில். லண்டனில் அந்த இரண்டு வருடமும் ஒன்றுக்கும் உதவவில்லை. வந்த மூன்றாம் கிழமை இல்ஃபோர்ட்டில் ஒரு கடையில் அரிசி மூட்டை இறக்கினேன்.

"பெரியவனுக்குப் படிப்பு ஓடேல்லை" என்று அப்பா கோயிலில் ஆட்களுக்குச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுத்துப் பேசவில்லை. நீ அதைக் கேட்டே வளர்ந்தாய்.

அப்பாவின் கணக்கும் பிழையாகவில்லை. நீ படித்தாய், நல்ல இடத்தில் இருக்கிறாய். அதில் எனக்கு ஒரு நாளும் எரிச்சல் இருந்ததில்லை, உண்மையாகவே சொல்கிறேன். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒருவரும் கேட்கவில்லை.

அணியை நீயே பார். என் பெயரை எடுத்துவிடு. கோபமில்லை, களைத்துவிட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு டொக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

ஸ்ரீதரன்


இல்ஃபோர்ட்,
6 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். ஆறு கிழமை கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள்.

உங்கள் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். அதையும் உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். கறி கிளறிக்கொண்டு கேட்டா.

"அவன் ஓமெண்டுதானே வந்தவன்."

"கேட்டனீங்களோ?"

"பெட்டி கட்டேக்கை அவனும்தானே நிண்டு கட்டினவன்."

"அம்மா, அவரைக் கேட்டனீங்களோ இல்லையோ?"

அடுப்பை நிற்பாட்டினா. அகப்பையைக் கழுவி வைத்தா. பிறகு, "கொப்பாவுக்குப் பயமடா, அவன் மாட்டன் எண்டிடுவான் எண்டு" என்றா. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

நானும் அதே பயத்தில்தான் சனிக்கிழமைவரை நிற்கவில்லை. ஆறு மணிக் கெடு, ரயில் நெரிசல் என்று எழுதியதெல்லாம் சாட்டு. நீங்கள் ஆட்டத்தைப் பார்த்தால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும்.

நேற்று தவராசா அண்ணையிடம் ஹால்டனைத் திருப்பிக் கேட்டேன். ஆறு ஓட்டம் கொடுத்தவனைத்தானே, தந்துவிடுவார் என்று நினைத்தேன். "உம்மடை கணக்கு உமக்கு, என்ரை கிழவன் எனக்கு. போம் தம்பி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆகவே அவன் வரமாட்டான்.

அணியில் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறது. எடுக்கவே மாட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். எழுதி, வாசித்துவிட்டு, அழித்தேன். நீங்கள் எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் இருக்கட்டும் என்கிறேன். இரண்டில் எது என்று நான் முடிவெடுக்கக் கூடாது.

அதனால் கேட்கிறேன், அண்ணை. என்னோடு இருக்கிறீர்களா? இல்லை என்றாலும் எழுதுங்கோ. ஆறுதலாக, நேரமெடுத்து எழுதுங்கோ. அதுவரை நான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

தம்பி,
ஆரணன்