கயிறு ரெண்டாத்தான் தெரியணும்

அன்பு மகள் வாலுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமா. நாங்கள் இங்கே நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம், இந்தத் தடவை அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் அப்பா பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளே கொள்ளைக்காரி பூந்துட்டா, நல்லவேளை திருட ஒண்ணுமில்லைன்னு சொல்லிவிட்டுப் போகிறார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நாலு மாதமாக நான் போன் பண்ணும்போதெல்லாம் அவர் குளித்துக்கொண்டே இருக்கிறார், ஜலதோஷம் பிடிக்கப்போகிறது.

வளவளவென்று இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஊசி பிடித்து மூன்றரை மாதம் ஆகிறது. லேபில் ஒரே கூட்டம், கை ஓயவில்லை என்று உன்னிடம் அளந்ததெல்லாம் பொய். ஒருநாள் காலையில் ஒரு அம்மா ரத்தம் கொடுக்க வந்து கையை நீட்டினாள், அவள் கையில் ஒரே இடத்தில் இரண்டு நரம்பு தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைக் குத்தினேன், அங்கே நரம்பே இல்லை. மறுபடி குத்தினேன், அங்கேயும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் என்னை எறும்பக்கா என்கிறார்கள், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று குழந்தைகள்கூட என் வரிசையில்தான் வந்து நிற்கும். அந்த அம்மாவின் கை நீலமாக வீங்கிப்போனது. அவள் ஒன்றும் திட்டவில்லை, பரவாயில்லம்மான்னு சொன்னாள். கண் டாக்டரிடம் போனால், உங்க கண்ணு ரெண்டும் சின்ன வயசிலேர்ந்தே கொஞ்சம் வெளிப்பக்கமா விலகித்தான் இருந்திருக்கு, இத்தனை நாள் நீங்களே அறியாம இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தீங்க, இப்ப பிடி தளர்ந்துபோச்சுன்னு சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுவேன் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. லேபில் என் நாற்காலியில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டு, என்னை ட்யூபுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேஜையில் உட்காரவைத்தார்கள். ஒட்டுகிறேன்.

வாரம் இரண்டு நாள் கண் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், நீளமான வெள்ளைக் கயிற்றில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணி கோத்திருப்பாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையை என் மூக்கு நுனியில் வைத்துப் பிடிக்கச் சொல்வாள். ஒரு மணியைப் பார்க்க வேண்டும், எத்தனை தெரியுதுன்னு சொல்ல வேண்டும். கிட்டத்து மணி எனக்கு இரண்டாகத் தெரியும், கயிறும் இரண்டாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் ஊசிக்குத் திரும்ப வேண்டுமே, அதனால் மணி ஒண்ணு, கயிறு ஒண்ணுன்னு டாண் டாண் என்று பதில் சொன்னேன். மூன்று வாரம் சொன்னேன். அவள் முகம் கடைசியில் சுருங்கிவிட்டது, ஒரு கண்ணு பார்க்கிறதையே நிறுத்திடுச்சோன்னு பயமா இருக்கும்மா, டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பறேன்னு சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள், ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சா மணி ஒண்ணாத் தெரியணும், கயிறு ரெண்டாத்தான் தெரியணும், மணிகிட்ட வந்து குறுக்கே வெட்டிக்கணும்னு. அட கடவுளே, பரீட்சையில் தப்பைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, மூணு வாரம் போச்சேம்மான்னு மட்டும் சொல்லிவிட்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

போன திங்கட்கிழமை லேபில் பெரிய டாக்டரம்மா ஒரு வாய்ப்பு கொடுத்தார், சம்மதிக்கிற ஒருத்தருக்கு என் முன்னாலே ரத்தம் எடுத்துக் காட்டுங்க, சரியா வந்தா பழைய நாற்காலி, இல்லேன்னா அது புதுப் பெண்ணுக்குன்னு. சம்மதிக்க யார் இருக்கிறார்கள், உன் அப்பாதான். அவர் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய ரத்தத்தை இந்தத் தடவை இன்னும் பார்க்கவே இல்லை, வேறு யாரும் தன் கையைத் தொடக்கூடாதாம், எறும்புதான் கடிக்கணும், கொசுவெல்லாம் வேணாம்னு ஒரே பிடிவாதம். அவர் கையில் ரப்பர் பட்டை கட்டினேன். விரலால் தடவினேன், நரம்பு எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டு. விரலை நம்பிக் குத்தியிருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. அவர் மெதுவாக, எத்தனை தெரியுதுன்னு கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டுன்னு சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து புதுப் பெண்ணுக்கு இடம் விட்டேன். அவள் நன்றாகத்தான் எடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் வலிச்சுதான்னு கேட்டேன், கொசு, ஆனா நல்ல கொசுன்னு சொன்னார். அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொல்கிறாள் அந்தக் கயிற்றுப் பெண், ஊசிக்குத் திரும்பலாம் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறாள். செய்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் பெண்ணிடம் நான் ஒண்ணு ஒண்ணுன்னு சொன்ன குரல் இருக்கிறதே, அதே குரலில்தான் நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்கிறாய். போன வாரம் வீடியோவில் உன் பின்னால் அலமாரி பாதி காலியாக இருந்தது, வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. நான் இரண்டை ஒன்று என்றேன். நீ ஒன்றை இரண்டு என்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் திட்டமாட்டேன். அப்பாவும் திட்டமாட்டார். எனக்கு மூன்று வாரம்தான் போனது, உனக்கு வருஷக்கணக்கில் போக வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, செல்போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு படுக்காதே. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, போனில் உனக்கும் பொய் வரும், எனக்கும் வரும். கடிதமாக எழுது. அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள், அது ஒன்றை மட்டும் எழுதினால் போதும்.

உன் அம்மா