அந்த வேன் தாங்கும் எடை

2005 மே 3, செவ்வாய்
அருள்பாண்டியைத் திருப்பிப் படுக்க வைத்தேன். துணி துவைத்தேன். மறுபடி திருப்பினேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

மே 5, வியாழன்
ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் டயர் மாட்டும் லைனில் வேலை பார்த்த பிள்ளை என் அருள். பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறான். கேட்டால் 'ம்'. சில நாள் அதுவும் இல்லை. என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டான். கோவில்பட்டியில் அவன் அக்கா சந்திரலேகா பிள்ளை பெற்று வருஷமாகப் போகிறது, குழந்தையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ரயிலில் எப்படிக் கொண்டுபோவது? என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, பழைய வேன் ஒன்றை வாங்கி அதையே வீடாக்கிக் கூட்டிப்போகிறேன் என்கிறார். கேட்கவே அசதியாக இருந்தது.

மே 14, சனி
வேன் வாசலில் நிற்கிறது. இரும்புக் கட்டில், பிளைவுட்டில் கக்கூஸ் அறை, பெரிய தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி, காஸ் சிலிண்டர், மர பீரோ. அவனுக்கு எந்தக் குறையும் இருக்கக்கூடாதாம். ஏற்றுவதை நிறுத்த இவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை — எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் மனுஷன் சாப்பிடுகிறார்.

மே 19, வியாழன்
காற்றடிக்கப் போன இடத்தில் மெக்கானிக் ரகுபதி பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, வண்டி குந்திகினு கீது. எடை போட்டுப் பாத்தியா?" என்று கேட்டாராம். காற்றைக் கூடுதலாக வைத்துக் கொடு என்றிருக்கிறார் இவர். டயரில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வைக்க மாட்டேன், வைத்தாலும் பாரம் குறையாது என்று ரகுபதி மறுத்துவிட்டார். இவர் கோபத்தோடு வந்து படுத்துக்கொண்டார்.

மே 22, ஞாயிறு
எல்லாவற்றையும் ஏற்றி, அருளையும் படுக்க வைத்து, நாங்களும் உட்கார்ந்து படப்பை எடைமேடைக்குப் போனோம். வண்டி தாங்குவதைவிட அரை டன் அதிகம். உள்ளேயிருந்து அருள் சொன்னான்:

"என்னைய எறக்கி வச்சிட்டா சரியாப் போயிரும்லப்பா."

பல மாதங்களுக்குப் பிறகு அவன் பேசிய முழுப் பேச்சு. இதுக்குத்தானா வாயத் தொறந்தான்? இவர் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நான் இருந்த இடத்திலேயே அழுதேன். ஏன்டா அப்பிடிச் சொன்ன? எங்கள என்னன்னு நெனச்ச? — கேக்கல. எதையும் கேக்கல.

மே 23, திங்கள்
பீரோவை இறக்கினார். கட்டிலில் கை வைக்கவில்லை.

மே 29, ஞாயிறு
வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்தோம். நல்ல வெயில். நிறுத்தி அளந்தால் டயரில் காற்று ஏறியிருந்தது. கொஞ்சம் இறக்கிவிடலாம் என்று இவர் குனிந்தார். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது.

"அப்பா, அதைத் தொடாதீங்க. ஓடுன சூட்டுக்கு ஏறத்தான் செய்யும். இப்ப எறக்கினா, ஆறுனப்புறம் காத்து பத்தாது. அப்பிடியே ஓட்டுனா வெடிச்சிரும்."

இவர் கையை எடுத்துவிட்டார். காலையில் வண்டி நகர்வதற்கு முன்னால் பார்க்க வேண்டுமாம். அதோடு அவன் விடவில்லை. கட்டில் எதற்கு, மெத்தை போதும். தொட்டியை ஏன் நிரப்பினீர்கள், திண்டிவனத்தில் தண்ணீர் கிடைக்காதா. எல்லாவற்றையும் பின்னால் குவிக்காதீர்கள். இவர் எதிர்த்துப் பேசினார், அவனும் விடாமல் பேசினான். அந்த வெயிலில் அப்பனும் மகனும் சண்டை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தத் தோன்றவில்லை.

ஜூன் 1, புதன்
கட்டிலை இறக்கி, தொட்டியைக் காலி பண்ணி மறுபடி எடை. அளவுக்குள் வந்துவிட்டது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு இவர் எதையோ ஏற்றப் போனார். "வேண்டாம்ப்பா, வழியில அம்மா ஏதாச்சும் வாங்குவா" என்று அருள் தடுத்துவிட்டான்.

ஜூன் 5, ஞாயிறு, கோவில்பட்டி
நேற்று வந்து சேர்ந்தோம். வேனை சந்திரலேகா வீட்டு வாசலில் நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. அருள் முகத்தை மூடிக்கொள்வான் என்று பயந்தேன். மூடவில்லை.

இன்று மத்தியானம் அவனைத் திருப்ப எழுந்தேன். முழங்கால் வலி, குனிய முடியவில்லை.

"நீ படுத்துக்கோம்மா. அக்கா திருப்பட்டும்" என்றான்.

சந்திரலேகா பிள்ளையை இறக்கிவிட்டு வேனில் ஏறினாள். எங்கே கை கொடுத்துப் பிடிக்க வேண்டும் என்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சாயங்காலம் வரை தூங்கியிருக்கிறேன்.