எல்லா வண்டியும் ஒரே மாதிரி

மார்ச் 16, 1987. திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழைதான் இல்லை. காப்பிச் செடி எல்லாம் மொட்டு வைத்து நிற்கிறது, மொட்டை விரிய வைக்கும் பூ மழைக்கு வழியைக் காணோம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் லீவு. மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். போன மாதமும் அதே மாமியார்.

சேலத்திலிருந்து மோட்டார் கிளப் சேர்மன் போன். புதுக் கார் பந்தயத் தொடர் ஆரம்பிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. அதை யார் செய்வது என்று முடிவு பண்ண கமிட்டி. கூடுவது நம் எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸில், மலைக்குக் கீழே வெயில் தாங்கவில்லையாம். கமிட்டியில் மூன்று பேர்: சேர்மன், ரிட்டயர்டு இன்ஜினியரிங் புரொபசர் ஒருவர், நான்.

நான் எதற்கு என்றேன். "ஓட்டுன ஆளு ஒருத்தரு வேணுமுல்லங்க" என்றார். ஓட்டுன. ஓட்டற இல்லை. போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை.

லூர்துவிடம் சொன்னேன். என்னைக் கட்டிய பாவத்துக்கு வருஷா வருஷம் சோழவரம் ரேஸுக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பாருங்க, வேண்டாங்கல. ஏறி மட்டும் ஒக்காந்துக்காதீங்க."

மார்ச் 18. புதன்

இரண்டு லாரி, இரண்டு வண்டி. காப்பி காயவைக்கும் களத்தில் இறக்கினோம். களை வெட்டுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேலி ஓரம். "ஏனுங்க, இந்தப் பொட்டிக்குள்ள எப்படிங்க குந்தறது?"

மெட்ராஸ் கம்பெனி வண்டி: ஒல்லி, சுத்தம், வரைபடம் கட்டுக் கட்டாக. உடைந்தால் மெட்ராஸுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கோயமுத்தூர் பழனிசாமி வண்டி: பார்க்க முரடு. எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்ற வைக்கலாம். திருப்பத்தில் நன்றாகக் காலூன்றும் என்று தோன்றுகிறது.

பழனிசாமி அந்தக் காலத்தில் என் வண்டிக்கு வேலை பார்த்தவன். நான் மோதிய அன்று நசுங்கின தகரத்திலிருந்து என்னைப் பிரித்து எடுத்ததும் அவன்தான். தலை நரைத்துவிட்டது. வாய் நரைக்கவில்லை.

இரண்டு வண்டியிலும் ஓட்டுகிறவன் முட்டிக்கு மேலே ஒரு குறுக்குக் குழாய் போகிறது. முன்பக்கம் மோதினால் கால் பிழைக்கும். என் வண்டியில் அது இல்லை. இடது முழங்கால் பாதி மடங்கிய வாக்கில் நின்றுபோய் எட்டு வருஷம் ஆகிறது. ஜீப் ஓட்ட அது போதும்.

எல்லோரும் டீக்குப் போனதும் உட்கார்ந்து பார்த்தேன். லூர்து சொன்னதெல்லாம் எங்கே போனதோ. மெட்ராஸ் வண்டியில் முட்டி குழாயில் இடித்தது. பழனிசாமி வண்டியிலும் இடித்தது. எக்கிப் பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன். நிமிர்ந்தால் சேர்மன், புரொபசர், பழனிசாமி மூன்று பேரும் வாசலில் டம்ளரோடு நிற்கிறார்கள். சேர்மன் சட்டென்று வானத்தைப் பார்த்து, மழை வருமா என்றார்.

மார்ச் 19. வியாழன்

விடிகாலையில் மழை. அப்பாடா. கொட்டச்சேடு பக்கமும் நல்ல மழையாம். குப்பனூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. கமிட்டி சீட்டாடியது.

பழனிசாமி குடையோடு ஸ்டோர் ரூமுக்கே வந்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, அந்தக் குழாய எடுத்துட்டா நீங்க ஒக்காரலாமுங்க."

எனக்காக ஒரு வண்டியில் மட்டும் எடுக்க முடியாது, எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதானே விதி என்றேன்.

"அப்ப எல்லாத்துலயும் எடுத்துர்றேனுங்க. பக்கத்துல கொஞ்சம் கனமாப் போட்டுக்கலாம். நீங்க திரும்ப ஓட்டோணுமுங்கண்ணா. எனக்கு நொம்ப நாளா அந்த ஆசை."

அவனுக்கு ஆர்டர் மேலும் ஆசை. எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 20. வெள்ளி

ஓட்டினேன்.

களத்திலிருந்து கேட் வரைக்கும், திரும்பக் களம் வரைக்கும். அவ்வளவுதான். எஸ்டேட் ரோடு, ஈரம், சருகு. குழாயைப் பழனிசாமி ராத்திரியே அறுத்துவிட்டான், முட்டி எங்கேயும் இடிக்கவில்லை. சில்வர் ஓக் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்டியரிங், கியர், கை எல்லாம் தானாகப் போய்த் தானாக வருகிறது. கால்தான் மறந்துவிட்டது, மற்றது எதுவும் மறக்கவில்லை.

இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினேன் என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். இதற்குத்தான். கப் வேண்டாம், மாலை வேண்டாம், பேப்பரில் படம் வேண்டாம். தரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அடுத்த வளைவு வருகிறதே என்கிற அந்த ஒரு பயம் வேண்டும். பெற்ற பிள்ளையைப் பிரிந்தவன்கூட வெளியே சொல்லி அழலாம். இதைச் சொன்னால் கிழவனுக்குக் கொழுப்பு என்பார்கள்.

திரும்பி வந்தபோது லூர்து களத்து ஓரம் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். நேரே உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை. எல்லோரும் முழங்காலில். நான் வழக்கம்போல நின்றுகொண்டு. பதினாலு ஸ்தலத்தில் எதில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. மனசு மூன்றாம் கியரில்.

மார்ச் 21. சனி

கமிட்டி. புரொபசர் மெட்ராஸ் பக்கம். சேர்மன் பழனிசாமி பக்கம். ஆக, என் ஓட்டுதான் முடிவு. இரவே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்: பழனிசாமி வண்டி, குழாய் இல்லாமல். காரணமெல்லாம் தயார். சுலபமான ரிப்பேர், குறைந்த எடை, ஏறி இறங்க வசதி. எவ்வளவு நேர்மையான காரணங்கள்!

சேர்மனுக்குக் குஷி. "கொழாய் போனா எடையும் கொறையுது, செலவும் கொறையுது. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. முட்டி போன மனுசனே கொழாய் வேண்டாங்கறாரு, அப்பறம் எவனுங்க கேள்வி கேப்பான்?"

பேனா கையில். யாரும் கேட்க மாட்டார்கள். என் காலைப் பார்ப்பார்கள், நம்புவார்கள். இருபது வயசுப் பையன்கள் எல்லாம் என் காலை நம்பித் தங்கள் காலை உள்ளே விடுவார்கள்.

குழாய் வேண்டும் என்றேன்.

"அதுக்கென்னங்க, திரும்பப் பத்த வெச்சாப் போச்சு. அதே வண்டிய எடுத்துக்கலாம்" என்றார் சேர்மன். எனக்கும் நிம்மதி. நான் ஓட்டாவிட்டால் என்ன, ஆர்டராவது அவனுக்குப் போகட்டும்.

புரொபசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "குழாயைப் பழனிசாமி யாருக்காக அறுத்தார்?"

"எனக்காக."

"உங்களுக்காக ஒரு குழாய். நாளைக்கு ஓட்டுற பையனோட அப்பா பெரிய மனுஷனா இருந்தா, அவருக்காக எதை அறுப்பார்?"

சேர்மன் பேப்பரை என் பக்கம் நகர்த்தினார். மெட்ராஸ் கம்பெனி என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்து.

பழனிசாமியிடம் நானே போய்ச் சொன்னேன். வண்டியை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை விடாமலே கேட்டான். "நானாவாங்கண்ணா பிளேடத் தேடிக் கண்டுபுடிச்சேன்?"

டீ குடித்துவிட்டுப் போ என்றேன். கேட்காத மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டான். லாரி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நின்றேன்.

மார்ச் 22. ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். வெயில். ரைட்டர் வந்துவிட்டார், மாமியார் தேறிவிட்டாராம். மதியம் மொச்சைக் குழம்பு, அப்பளம்.

நேற்று என்ன முடிவு என்று லூர்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேப்பர் படித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. உள் அறையில் தையல் மெஷின் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஊசி தொடாதவள் என்ன தைக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.

மெஷினில் என் ரேஸ் உடுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த மாதமே அதை அடுப்பில் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கெழம நீங்க சிரிச்சுட்டே வந்தீங்க பாருங்க, அன்னைக்கே எடுத்துட்டேன்" என்றாள், தலையைத் தூக்காமல். "எனக்குப் பயந்தானுங்க. பயந்துட்டே இருந்துக்கறேன், போங்க. இடுப்புல பிரிச்சு ரெண்டு பக்கமும் விட்டிருக்கேன். இந்தாங்க, போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.