கிணற்றடி வரிசை

14.6.2004
காலையிலிருந்து சாரல். மருந்தடிக்க வழியில்லை. மாடி அறைக்குப் பல்பு வாங்க வேண்டும்.

மாடியில் மிச்சிகோ. ஜப்பான்காரர். மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிடுபவர். தேக்கடி பார்க்க வந்தவர், மலையிறங்கி நம் திராட்சைப் பந்தலைக் கண்டதும் இங்கேயே தங்கிவிட்டார். இன்று தன் அச்சுகளைக் காட்டினார். பெரணி இலை ஒன்று; அதே பலகையை ஒரே தாளில் நாற்பது முறை ஒற்றியிருக்கிறார். மை ஏறியும் இறங்கியும் ஒரு காடே நிற்கிறது.

இப்போது வரைவது நம் கிணற்றடி வரிசை. கொடிச்சுருள், இலை, மறுபடி சுருள். இன்னும் நான்கு நாள் வெட்ட வேண்டாம் என்று கேட்டார். சரி என்றேன். கவாத்துக்கு வரும் பேச்சியிடம் சொல்ல வேண்டும்.

15.6
தேனி. உரம், பல்பு. பஸ்ஸில் நல்ல தூக்கம்.

16.6
போச்சு. பேச்சியிடம் சொல்லவே இல்லை. விடியவே ஆட்களோடு வந்து கிணற்றடியிலேயே தொடங்கிவிட்டாள். நான் போனபோது வரிசை மொட்டை. மிச்சிகோ நோட்டை அணைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இவளிடம் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டாள்" என்றேன், இங்கிலீஷில். பேச்சி பக்கத்திலேயே, கத்தரியோடு. ஒன்றும் புரியாமல் சிரித்துத் தலையாட்டினாள்.

பரவாயில்லை என்று அவளிடம் சொல்லச் சொன்னார் மிச்சிகோ.

"என்ன மொதலாளி சொல்றாக?"

"வேலை சுத்தமா இருக்காம்."

"ஆத்தாடி! இருங்க, அவுகளுக்கு ஒரு எளநி வெட்டியாரேன்."

நான்தான் மறந்தேன் என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

19.6
மிச்சிகோ கிளம்பினார். மூன்று நாளும் வெட்டுப்பட்ட கொடிகளையே வரைந்தார். பஸ் வர அரைமணி நேரம் ஆனது. அப்போதும் சொல்லவில்லை. கோழை.

2.11
மழை. ஜப்பானிலிருந்து தபால், உள்ளே ஓர் அச்சு. வெட்டிய கொடிமுனை, நுனியில் ஒரு சொட்டு நீர். அதே முனை வரிசை வரிசையாக, தாள் நிறைய. அழகு. பார்க்கத்தான் முடியவில்லை. பின்பக்கம் இங்கிலீஷில் மூன்று வரி, பேச்சிக்கு.

பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

5.11
இதற்கு மேல் முடியாது. பந்தலுக்கு எடுத்துப்போய்ப் பேச்சியிடம் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"எனக்கா? நம்ம கிணத்தடி கொடியில்ல இது! பின்னால என்னமோ எழுதியிருக்காகளே, வாசிங்க மொதலாளி."

மாற்றிச் சொல்ல இன்னொரு பொய் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளதையே வாசித்தேன். 'பேச்சி, நீங்கள் மறந்து வெட்டியதை அன்றே மன்னித்துவிட்டேன். அந்தத் தவறால்தான் இந்தப் படம் கிடைத்தது. வருந்தாதீர்கள்.'

படத்தை என்னிடமே நீட்டினாள்.

"நான் என்னத்த மறந்தேன் மொதலாளி?"