ஒட்சிசனுக்கு அரைப் பேர்

இன்று காலை நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையில் நீரின் சமன்பாட்டை எழுதினாள். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தால் நீர். இரண்டு பக்கமும் அணுக்கள் சமமாக வர வேண்டும். சற்று யோசித்துவிட்டு ஒட்சிசனுக்கு முன்னால் அரை என்று போட்டாள். வெண்கட்டித் தூளின் வாசனையோடு நீ என் நினைவில் வந்து நின்றுவிட்டாய், தோழி. அதற்குமேல் எனக்குப் பாடம் ஓடவில்லை.

நீ நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து பசறை வழியாக பஸ்ஸில் பதுளைப் பள்ளிக்கு வருவாய். நான் ஹாலிஎலயில் கடை வைத்திருந்த மாமா வீட்டிலிருந்து ரயிலில் வருவேன். அதற்கு முன் நாம் அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள் என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த புதிதிலேயே, அதைச் சொல்லிவிடாதே என்று உன்னிடம் கேட்டுக்கொண்டேன். நான் ஏன் புள்ள சொல்லப்போறேன் என்றாய், அவ்வளவுதான். என் காலில் சப்பாத்து இருந்தது. கடைக்காரர் வீட்டுப் பெண் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பில் நான் நன்றாகவே குளிர்காய்ந்தேன்.

இரசாயனம் படிப்பித்த சார் யாழ்ப்பாணத்தவர், லேசில் கோபப்படாத மனிதர். அன்று உன்னைப் பலகைக்கு அழைத்தார். நாங்கள் பலர் நீரின் குறியீட்டுக்குள் இருக்கும் சின்ன எண்ணையே மாற்றிச் சமப்படுத்தப் பார்த்து, நீரை வேறு ஏதோ ஆக்கி வைத்திருந்தோம். நீ அதைத் தொடவில்லை. ஒட்சிசன் சோடியாக வருகிறது, நீருக்கோ ஒன்று போதும். ஆகவே சோடிக்கு முன்னால் அரை போட்டாய். ஏன் என்று சார் கேட்டார்.

"முழுசா வேணாம் சார், பாதி போதும். அதான் அரைப் பேரு போட்டுட்டேன்."

அவருக்கு அது புரியவில்லை. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அரைப் பேர் என்றால் என்ன, யாருக்காவது தெரியுமா என்று கேட்டவரின் பார்வை என்மேல் வந்து நின்றது. எனக்கா தெரியாது? பறித்த கொழுந்து சொன்ன நிறைக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான், அதுதான் அரைப் பேர். அதை வாங்கிக்கொண்டு வந்த அம்மா அடுப்படியில் அரிசியைக் குறைத்து அளந்ததை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

"தெரியாது சார்" என்றேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். முகத்தில் கோபமே இல்லை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான். பிறகு சாரிடம் நிதானமாகச் சொன்னாய்.

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? அது எங்க தோட்டத்துப் பேச்சு."

அவங்களாம். உன்னோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவள் நான்.

நீ விளக்கியதைக் கேட்டு சார் தலையாட்டினார். கணக்குச் சரிதான், ஆனால் முழு எண்ணில் எழுதுவது வழக்கம், எல்லாவற்றையும் இரட்டித்துவிடு என்றார். மளமளவென்று எழுதினாய்: இரண்டு ஐதரசன், ஒரு ஒட்சிசன், இரண்டு நீர். வகுப்பு கைதட்டியது. நான் தட்டினேனா என்று நினைவில்லை.

அன்றிலிருந்து உன் வாயில் நான் 'நீங்க' ஆகிவிட்டேன், ஆளில்லாத இடத்திலும். முதலில் அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, மெல்ல மெல்ல.

பிரசவத்தில் நீ போய்விட்டாய் என்று தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சொன்னபோது, காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு நினைவில் வந்தது பசறை பஸ் நிறுத்தம். நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்ட இடம். உன் இடுப்பில் மூத்த பிள்ளை, என் கையில் குடை. அன்று தெரியாது என்று சொன்னதற்கு மன்னித்துவிடு, பழையபடி என்னை நீ என்றே கூப்பிடு என்று கெஞ்சினேன். பிள்ளையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு சிரித்தாய்.

"மனசுல ஒண்ணுமே இல்லீங்க. பழகிடுச்சு."

பஸ் வந்தது. ஏறும்போது பிள்ளையின் காதில், டீச்சரம்மாவுக்குக் கும்பிடு சொல்லு என்றாய். அது சின்னக் கைகள் இரண்டையும் குவித்தது. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கும்பிடு ஒன்றுதான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.