நெப்ராஸ்காவுக்குச் சின்ன ரோட்டால்

பெப்ரவரி 3, திங்கள்

விடியமுன்னே தொடங்கிய மழை. மகனின் அஸ்தியைக் கூரியரில் அனுப்ப முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

பேசியது லண்டன் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு. டென்வரில் அப்போது காலை பத்து. எல்லாம் விசாரித்து வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். என்ன பெட்டி, என்ன படிவம், எத்தனை நாள். மூன்று கண்டத்திலிருந்து மரக்கறியும் மீனும் இறக்குகிறவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. நிவேதா முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "துவா பார்சல் இல்ல மாமா."

"அப்ப என்ன பிள்ளை செய்யிறது? வருசம் முடியுது, ஆட்டைத் திவசம் வருது. சாம்பலைக் கரைக்காமல் என்னெண்டு செய்யிறது?"

"நீங்களும் அத்தையும் வாங்க. நானே ஓட்டிட்டுப் போறேன். நெப்ராஸ்கால ஒரு ஆறு இருக்கு. அவன் பாக்காம விட்ட ஸ்டேட் அது."

கோயம்புத்தூர்ப் பிள்ளை. குரலை உயர்த்த மாட்டாள். சத்தம் போடுகிறவர்களோடு பேரம் பேசலாம். இவளோடு ஏலாது.

நாளை: மரக்கறி லொறி ஏன் பிந்துகிறது? பின்கதவுப் பூட்டு. பத்மாவுக்குச் சொல்வது.

பெப்ரவரி 4, செவ்வாய்

மழை இல்லை. குளிர்.

காலைத் தேத்தண்ணியோடு பத்மாவுக்குச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவள் ஓடுற காரில நான் ஏறமாட்டன்."

"சரி, நான் ஓடுறன்."

"அறுபத்திநாலு வயசில? அங்க மற்றப் பக்கத்தாலயெல்லோ ஓடவேணும்."

"இஞ்ச வந்து இறங்கேக்க மட்டும் ஓடத் தெரிஞ்சே வந்தனான்?"

சிரிக்கவில்லை. போன வருடம் இந்த நேரமென்றால் சிரித்திருப்பாள்.

துவாரகன் செத்தது போன மார்ச்சில். கான்சஸ் மாநிலம், இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய ரோட்டு. காற்றும் பனியும், முன்னால் போன லொறி வழுக்கிக் குறுக்கே வந்தது. காரை ஓட்டியவள் நிவேதா. அவளுக்குத் தோள் எலும்பு முறிவு. மகன் அந்த இடத்திலேயே. பத்மா அப்போது நெஞ்சு ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில், பறக்க விடவில்லை. நான் மட்டும் போனேன். நான்கு நாள். எரித்துவிட்டு வந்தேன். அஸ்தியைப் பிறகு பார்க்கலாம் என்று அவளிடமே விட்டது என் பிழை.

அன்றிலிருந்து பத்மா எந்த மோட்டார்வேயிலும் ஏறுவதில்லை. என் காரிலும் பின் சீற்தான்.

மகனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமெரிக்க வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, போன மாநிலங்களுக்கு நிறம் தீட்டுவான். சட்டம் ஒன்று: அந்த மாநிலத்தின் இன்டர்ஸ்டேட்டில் கார் ஏறவே கூடாது. ஏறினால் அந்த மாநிலத்துக்கு வெட்டு. "அது ஊர் பார்க்கிறது இல்லை அப்பா. எங்க போனாலும் ஒரே பெற்றோல் செட், ஒரே பேர்கர், ஒரே கக்கூசு." பதினொரு மாநிலம் சேர்த்திருந்தான். எனக்கு விளங்கவில்லை. நான் முன்னுக்கு வந்ததே பெரிய ரோட்டால்தான். டோவர் துறைமுகத்தில் இறங்குகிற வெண்டிக்காய் மோர்டனில் இருக்கிற என் கடைக்கு மற்றவனுடையதைவிட ஒரு மணித்தியாலம் முந்தி வந்தால் அந்த ஒரு மணித்தியாலம்தான் லாபம். சின்ன ரோட்டில் போகிறவன் வாடல் விற்கிறவன் என்று அவனுக்கே சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 5, புதன்

காற்று. கடை மந்தம்.

ரோட்டுகளைப் பார்த்தேன். பத்மா வருவதென்றால் இன்டர்ஸ்டேட் ஒரு அடிகூட இருக்கக் கூடாது. அங்கே சின்ன நெடுஞ்சாலைகளுக்கும் இலக்கம் உண்டு. டென்வரிலிருந்து கிழக்கே 36. பிறகு 385 வடக்கே. பிறகு 34, அது நெப்ராஸ்காவுக்குள் கொண்டுபோய் விடும். ஆறு ரோட்டோடேயே போகிறது.

ஒரு சிக்கல். 36 தொடக்கத்தில் கொஞ்சத் தூரம் இன்டர்ஸ்டேட்டோடு ஒன்றாகிவிடுகிறது. பக்கத்தில் பழைய ஊர் ரோட்டு ஒன்று ஒட்டிப் போவதைப் படத்தில் கண்டுபிடித்தேன். அதால் போகலாம்.

சந்தோசமாக இருந்தது, ஒரு நிமிசம். பிறகு மகனிடம் காட்டலாம் என்று யோசித்தேன். அந்த நிமிசத்தோடு வேலையை நிற்பாட்டினேன்.

பெப்ரவரி 8, சனி

சனக்கூட்டம். முருங்கைக்காய் பதினொரு மணிக்கே முடிந்தது. மீன் வெட்டுகிற இடத்தில் இரண்டு பெண்கள்:

"ஆட்டைக்கு மண்டபமோ கோயிலோ?"

"அதுகள் என்னத்தைச் செய்யிறது. மருமேளைச் சேர்க்கினமோ தெரியாது."

நான் நிற்பது தெரிந்ததும் விளைமீனின் விலை கேட்டார்கள்.

பின்னேரம் நினைவு மலர் அடிக்கிற தம்பி போன். "அண்ணை, போன வருச மரண அறிவித்தலையே முன் பக்கத்தில போடட்டோ? அதில துவாரகன் தம்பியின்ர மனுசியின்ர பேர் இல்லை. விடுபட்டதோ, விட்டதோ?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

விட்டது. நான்தான் விட்டேன். எழுதிக்கொடுத்த தாளில் 'பரமநாதன் பத்மா தம்பதிகளின் பாசமிகு மகனும்' இருந்தது, அதற்கு அடுத்தாற்போல் 'நிவேதாவின் அன்புக் கணவரும்' இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பத்மா சொன்னாள், அவளின் பெயர் வேண்டாமென்று. பேனையால் ஒரு கோடு. வானொலியிலும் அப்படியே வாசித்தார்கள். மச்சான், சகலன், பெறாமகள் என்று எல்லோர் பெயரும் வந்தது. கட்டினவளுடையது வரவில்லை.

எங்கள் சனம் பேப்பரில் வேறு எதை வாசிக்காவிட்டாலும் அறிவித்தலை வரி வரியாக வாசிக்கும். ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை, ஆருக்குப் பின் ஆர். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கொன்றது அவள்தான் என்று நான் ஊருக்கு அறிவித்த மாதிரித்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

தூறல். மில்டன் கீன்ஸுக்கு, பத்மாவின் தம்பி ரவி வீட்டுக்கு. எம்1 மோட்டார்வேயைத் தொடாமல் ஏ5 ரோட்டு வழியே. மூன்றேகால் மணித்தியாலம், நூறு சிக்னல்.

ரவி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தான். "அத்தான், மாட்டு வண்டிலிலயோ வந்தனியள்? மாடுகளுக்குத் தண்ணி வைக்கட்டோ?"

"வாயை மூடடா" என்றாள் பத்மா. ஆனால் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. நீண்ட ரோட்டை அவள் தாங்குகிறாள். அதைப் பார்க்கத்தான் கூட்டிப்போனேன். அவளுக்கு அது தெரியாது.

திரும்பி வருகையில் எட்ஜ்வேரில் சிவப்பு விளக்கு. பின் சீற்றிலிருந்து:

"பிள்ளை ஒரு நாளும் அந்த றோட்டில ஏறாதவன். அவள் என்னத்துக்கு அதால போனவள்?"

நான் வைப்பரைக் கூட்டினேன். பச்சை விழுந்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

இருட்டான நாள். களஞ்சிய அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று நிவேதாவுக்கு எடுத்தேன்.

பேரத்துக்கு ஆயத்தமாகத்தான் போனேன். என் பக்கம்: மலரின் முதல் பக்கத்தில் அவள் பெயர், மகனின் பெயருக்கு அடுத்ததாக. வாங்குகிறவர் எல்லோரும் வாசிப்பார்கள். அவள் பக்கம்: நான் அனுப்பிய ரோட்டால் மட்டும் ஓட்டவேண்டும், மெதுவாக, பத்மா சொல்கிற இடத்தில் நிறுத்தி.

"ரோடு சரி மாமா. நல்லாப் பாத்திருக்கீங்க. அவனே இப்படித்தான் போட்டிருப்பான். பேரு போடுறது உங்க இஷ்டம். அதை வச்சு என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"அப்ப உமக்கு என்ன வேணும் பிள்ளை?"

"அன்னைக்கு யாரு போன் பண்ணாங்கன்னு அத்தைகிட்ட சொல்லுங்க."

களஞ்சியக் கதவைச் சாத்தினேன்.

"பதினொரு மாசமா வாய மூடிட்டு இருக்கேன். அவங்களுக்கு நெஞ்சு சரியில்லன்னு இருந்தேன். ஆனா என் பக்கத்துல உக்காந்து வரணும்னா, தெரிஞ்சு உக்காரட்டும். இல்லன்னா நான் ஓட்ட மாட்டேன். உங்க மேல கோவத்துல சொல்லல மாமா."

கோபத்தில் சொல்லியிருந்தால் போனை வெட்டியிருப்பேன்.

இங்கே எழுதிவிடுகிறேன். விபத்தான அன்றுதான் கடைக் குத்தகையில் மகனின் பெயரையும் சேர்க்கிற நாள். கட்டிடச் சொந்தக்காரன் மனம் மாறுகிற பேர்வழி, ஆறு மாதம் பின்னால் திரிந்து இணங்க வைத்தது. எங்களுக்கு மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் துவாரகன் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும். பாஸ்போர்ட் டென்வர் வீட்டில். அவர்கள் கான்சஸைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு கோப்பிக் கடையில் நின்றார்கள். போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் நிவேதா, "காத்து பயங்கரமா அடிக்குது மாமா, சின்ன ரோட்லயே மெதுவா வர்றோம், நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றாள்.

நாளைக்கும் வைத்திருக்கலாம். சொந்தக்காரன் கத்தியிருப்பான், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்: "பெரிய றோட்டால வாங்கோ. ஒரு மணித்தியாலம் மிஞ்சும்."

மகன் சிரித்தான். "அப்ப கான்சஸுக்கு வெட்டு. சரி அப்பா, உங்களுக்காக இந்த ஒருக்கா."

பெப்ரவரி 13, வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. லூயிஷாம் கோயிலுக்கு, திதியை உறுதிப்படுத்த. ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொன்னார். அஸ்தி கரைத்தாச்சோ என்று கேட்டார். பத்மா என்னைப் பார்த்தாள்.

காரில் ஏறி எஞ்சினைப் போடாமல் இருந்தேன். கண்ணாடியில் அவள் முகம். கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை, திரும்பினேன். முழுக்கச் சொன்னேன். குத்தகை, போன், காற்று, சிரித்தது. ஒன்றையும் குறைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவள் வேண்டாமெண்டு சொன்னவளோ?"

"ஓம். நாளைக்கு வைப்பமோ எண்டு கேட்டவள்."

கதவைத் திறந்து இறங்கினாள். சால்வையைச் சரி செய்தாள். ஸ்டேசன் பக்கமாக நடந்தாள். காரை விட்டுவிட்டு ஓடினேன், சந்தைச் சனத்துக்குள் காணவில்லை. தனியாக ரயில் ஏறி எத்தனையோ வருடம். ஒரு மணித்தியாலம் ஸ்டேசனில் தேடினேன். போனை நிறுத்தி வைத்திருந்தாள்.

நான்கு மணிக்கு வீட்டில் இருந்தாள். சமைத்திருந்தாள். ஒரு சாப்பாட்டுக் கோப்பைதான் மேசையில், எனக்கு. அவள் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

மூடுபனி. நெஞ்சுக்கான குளிசை எடுத்தாளா என்று பெட்டியை எண்ணிப் பார்த்தேன். எடுத்திருக்கிறாள்.

கடைக்குப் போய் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. வெங்காயம் இரண்டு முறை ஓடர் பண்ணிவிட்டேன் என்று கல்லாவில் நிற்கிற பிள்ளை சொன்னாள்.

பின்னேரம் வீட்டுக்கு வர, அறைக்குள் பத்மாவின் குரல். நான் படியில் நின்றேன்.

"ஓம் பிள்ளை, நான்தான்... இல்லை, சொல்லிப்போட்டார்... இல்லை, நீ அழாதை... அத்தையெண்டே கூப்பிடு, எனக்கு ஒண்டுமில்லை."

நான் செருப்பைக் கழற்றாமல் திரும்ப வெளியே போய்க் காரில் இருந்தேன்.

பெப்ரவரி 15, சனி

மழை. கடை திறக்கமுன், சமையலறை மேசையில். அவள் எதிரே இருந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேச்சு.

"இஞ்சருங்கோ, எழுதுங்கோ."

"சொல்லும்."

சொன்னாள். ஒரு இடத்தில் மட்டும் கேட்டுப் பார்த்தேன்: "நான் டென்வர் வரைக்குமாவது வரட்டோ? அங்க வீட்டில நிக்கிறன். ஆத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

"வேண்டாம்."

"தகப்பனெல்லோ பத்மா."

"தகப்பன்தான். ஆட்டைக்குக் கோயில்ல தர்ப்பை போட்டு இருங்கோ. ஆத்துக்கு வேண்டாம்."

வாழ்க்கையில் எத்தனை பேரிடம் விலையை இறக்கி வாங்கியிருக்கிறேன். எந்த இடத்தில் மற்றவன் இறங்கமாட்டான் என்று பார்த்தால் தெரியும். தெரிந்தது.

ஒப்புக்கொண்டது:

விமான ரிக்கற் ஒன்று. பத்மாவுக்கு மட்டும். திவசத்துக்கு மூன்று நாள் முன் திரும்புவாள், நிவேதாவையும் கூட்டிக்கொண்டு.

ரோட்டு: பழைய ஊர் ரோட்டு, 36, 385, 34. நிவேதா ஓட்டுவாள். பத்மா முன் சீற்.

மலரில் நிவேதாவின் பெயர் முதலாவது. எங்கள் இருவரின் பெயருக்கும் முன்னால்.

அவர்கள் ரோட்டில் இருக்கிற அன்று நான் போன் எடுக்கக் கூடாது. ஆர் எடுத்தாலும் அவர்கள் தூக்கமாட்டார்கள். போய்ச் சேர்ந்தது, கரைத்தது, திரும்பியது, எதையும் அன்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.